இயக்குநருக்கென்று ஒரு பெட்டி

குடிநீர் இயக்ககத்தில் பிரிவுகள் பதினொன்று, சர்வர் ஒன்று. பதினொரு பிரிவுகளுக்கும் ஒன்றையொன்று கண்டால் ஆகாது. ஆகவே அவற்றின் புரோகிராம்களும் அந்த ஒரே சர்வருக்குள் வருடக்கணக்காக அடித்துக்கொண்டு கிடந்தன. வருகைப்பதிவுப் பிரிவு தன் புரோகிராமைப் புதுப்பித்தால் புகார்ப் பிரிவின் புரோகிராம் படுத்துவிடும். புகார்ப் பிரிவு ஏதோ பழைய குப்பை என்று ஒரு கோப்பை அழித்தால், அது வால்வுப் பிரிவின் உயிர்நாடியாக இருந்து தொலைக்கும். யார் செய்தது என்று கேட்டால் பதினொரு விரல்கள் பதினொரு பக்கம் நீளும்.

இந்த லட்சணத்தில்தான் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். வந்த ஆறு மாதத்தில் அவள் அந்த ஒரே சர்வருக்குள் பதினொரு பெட்டிகளைக் கட்டிவிட்டாள். கண்ணால் பார்க்கக்கூடிய பெட்டிகள் அல்ல. ஒவ்வொரு பிரிவின் புரோகிராமும் தனித்தனி எல்லைக்குள் ஓடும். அதற்குத் தன் கோப்புகள் மட்டும் தெரியும், பக்கத்தில் இன்னொரு புரோகிராம் இருப்பதே தெரியாது. சர்வரில் ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண் உண்டு. பெட்டிக்குள் முதலில் எழுந்தது தன்னை எண் ஒன்று என்று நினைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் அதன் எண் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டாக இருக்கும். அது அதற்குத் தெரியாது, தெரியாதவரை சண்டையும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் பெட்டி இவ்வளவு மெமரிக்கு மேல் தின்னக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு வைத்தாள். சண்டை நின்றது. அலுவலகம் அவளுக்குப் பெட்டிக்காரி என்று பெயர் வைத்தது.

அவளுடைய அண்ணனும் அதே இயக்ககம்தான். ஆனால் அவர் தலைமை அலுவலகத்தின் ஏசி காற்றைக் கண்டவரில்லை. பெரிய தொட்டியடியில் வால்வு திறந்து மூடும் வேலை, இருபத்தாறு வருடமாக. அவள் பெட்டி கட்டிய கதையை ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அவருக்குச் சொன்னாள். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“இதுல என்ன இருக்கு? ஒரே தொட்டி, பதினோரு லைன். லைனுக்கு ஒரு வால்வு. வால்வு இல்லாம விட்டா முதல் வீட்டுக்காரன் தோட்டத்தை நனைப்பான், கடைசி வீட்டுக்காரன் குடத்தோட நிப்பான்.”

“அதேதான்ணே. இதைத் தலைமை ஆபீஸ்ல புரியவைக்க நான் நாப்பது ஸ்லைடு போட்டேன்.”

“அங்க யாரும் குடம் தூக்கினதில்லையே, எப்படிப் புரியும்?” என்றார் அண்ணன். அண்ணி சிரித்துக்கொண்டே அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

அந்த நாற்பது ஸ்லைடுகளில் முப்பத்தொன்பதை இயக்குநர் கொட்டாவி விட்டே கடத்தினார். பெட்டிக்குள் ஒவ்வொருவனும் எண் ஒன்று என்ற ஒரே ஒரு ஸ்லைடு அவரைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை அனைத்துப் பிரிவுக் கூட்டம் போட்டார். மேடையில் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

“இத்தனை வருஷமா நம்ம இயக்ககத்துல என்ன பிரச்னை? ஒருத்தர் செய்யறது இன்னொருத்தருக்குத் தெரிஞ்சுபோயிடுது. தெரிஞ்சா கேள்வி கேக்கறாங்க. கேட்டா நாம பதில் சொல்ல வேண்டியிருக்கு. பதில் சொல்லிட்டா, சொன்னதைச் செய்யணும்னு வேற எதிர்பாக்கறாங்க. இந்தச் சங்கிலியை ஒரு கம்ப்யூட்டர் அறுத்திருக்கு. கம்ப்யூட்டரால முடிஞ்சது மனுஷனால முடியாதா?”

கைதட்டல் அடங்க மூன்று நிமிடம் ஆனது. உதவி இயக்குநர் அம்மாள் மட்டும் தட்டவில்லை. அவருக்கு அப்போதுதான் தலைவலி தொடங்கியிருந்தது.

இப்படியாகத் தனிமைப்படுத்தல் கொள்கை பிறந்தது. இரண்டே வாரத்தில் அலுவலகம் முழுக்கப் பலகைத் தடுப்புகள் எழும்பின. கூரை வரை பலகை, கதவுக்கு ஒரு சாவி, டீ வாங்க ஒரு துளை. பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை ஒரு பிரிவின் ஊழியர் இன்னொரு பிரிவின் ஊழியரைப் பார்த்தாலும் பார்க்கவில்லை என்று கருதப்பட வேண்டும் என்றது சுற்றறிக்கை. காகிதம் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் பறக்கக்கூடிய பொருள் என்பதால் காகிதத்துக்குத் தடை. எதுவானாலும் சர்வர் வழியாக. பிரிவுகளுக்கிடையே ஏதாவது போக வேண்டுமென்றால் அதற்கென்றே பன்னிரண்டாவதாக ஒரு பிரிவு. அதன் பெயர் கடத்துப் பிரிவு. ஆறு ஒப்புதல் வாங்காமல் அது ஒரு குண்டூசியைக்கூடக் கடத்தாது.

வருகைப்பதிவில் வேலை செய்த மனைவியும் குழாய்ப் பராமரிப்பில் வேலை செய்த கணவனும் ஒரே ஸ்கூட்டரில் வந்து, வாசலில் இறங்கியதும் அன்னியர்களாகிவிடுவார்கள். ஒரு நாள் கணவனுக்குக் காய்ச்சல். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும், சாவி மனைவியின் பையில். அவர் கடத்துப் பிரிவுக்கு விண்ணப்பித்தார். மூன்றாம் நாள், காய்ச்சல் இறங்கிய பிறகு, பதில் வந்தது: தாங்கள் குறிப்பிடும் மனைவி தங்கள் பெட்டியில் இருப்பதாகப் பதிவு இல்லை.

புகார்ப் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அந்தப் பெட்டிக்குள் புகார்கள் மட்டும் வரலாம், தண்ணீர் பற்றிய எந்த விவரமும் வரக் கூடாது. ஆகவே நான்கு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதியவர்களுக்கெல்லாம் ஒரே பதில் போனது: தங்கள் புகாரில் கண்டுள்ள தண்ணீர் என்னும் பொருள் இப்பிரிவின் பார்வைக்கு உட்பட்டதல்ல.

பெட்டிக்காரிக்குத் தூக்கம் கெட்டது. “மேடம், கம்ப்யூட்டர்ல பெட்டி கட்டினது சண்டை வராம வேலை நடக்கறதுக்கு. வேலையே நடக்காம இருக்கறதுக்கு இல்ல” என்று உதவி இயக்குநர் அம்மாளிடம் புலம்பினாள்.

“அதை மேல போய் நீ சொல்லு” என்றார் அம்மாள்.

மேலே போகும் வாய்ப்பு தானாக வந்தது. இயக்குநர் அவளை அழைத்தார். அலுவலகத்தின் நுழைவுக் கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு திரை உண்டு. அதற்குச் சாதனைப் பலகை என்று பெயர். இயக்குநர் அடிக்கல் நாட்டியது, அவரே அந்த அடிக்கல்லைப் பார்வையிட்டது, பார்வையிட்டதைப் பத்திரிகைக்காரர்களிடம் விளக்கியது என்று நாள் முழுக்கப் படம் ஓடும். அந்தப் படம் இரண்டு நாளாகத் திக்கித் திக்கி ஓடியது.

“ஏன்?”

“உங்க பலகைக்கும் ஒரு வரம்பு இருக்குங்க ஐயா. அதுக்கு மேல மெமரி எடுக்க முடியாது.”

இயக்குநரின் முகம் சிவந்தது. “எனக்கு வரம்பா? வரம்பு வெச்சது யாரு?”

“எல்லாப் பெட்டிக்கும் வெச்சிருக்கேன் ஐயா. வால்வுப் பிரிவுக்கும் இருக்கு.”

“வால்வும் நானும் ஒண்ணா?” அவர் உண்மையாகவே கேட்டார். “வரம்பை எடு.”

“எடுத்தா மெமரி தீந்துடும் ஐயா. தீந்துட்டா சர்வர் தன்னைக் காப்பாத்திக்க ஓடிட்டிருக்கற ஏதாவது ஒண்ணைக் கொன்னுடும். பெருசாத் தின்னுட்டிருக்கறதைத்தான் முதல்ல கொல்லும். உங்க பலகைதான் போகும்.”

“என்னுதைக் கொல்லக் கூடாதுன்னு சொல்லி வைக்க முடியுமா?”

பெட்டிக்காரி பொய் சொல்லியிருக்கலாம். பிற்பாடு பல நாள் அதை நினைத்து அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். அப்போது வேலைச் சுத்தம் அவள் வாயை மூடவிடவில்லை. “முடியும் ஐயா. ஆனா அப்போ வேற யாராவது சாவாங்க.”

“அப்புறம் என்ன?” என்றார் இயக்குநர்.

எழுத்தில் உத்தரவு கேட்டாள். வாய்மொழி உத்தரவே போதும், நம்பிக்கை வேண்டும் என்றார். அவள் போய் வரம்பை எடுத்தாள். கொல்லக் கூடாது என்ற குறியையும் வைத்தாள். சர்வர் தன் லாகில், அதாவது யாரும் கேட்காமலே தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பில், தேதியும் நேரமும் போட்டு இரண்டையும் எழுதிக்கொண்டது.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, இயக்குநரின் முப்பதாண்டுச் சேவையைக் கொண்டாட அவருடைய பதினோராயிரம் புகைப்படங்களைப் பலகையில் ஏற்றினார்கள். ஒன்றுகூடச் சிறிதாக்கப்படவில்லை. இயக்குநரின் முகத்தை யார் சிறிதாக்குவது? பலகை மெமரியை அள்ளி அள்ளித் தின்றது. சர்வர் மூச்சுத் திணறி யாரைக் கொல்லலாம் என்று தேடியது. தின்றுகொண்டிருந்தவனைத் தொடக் கூடாது என்று குறி இருந்ததால் அடுத்தவனைக் கொன்றது. அடுத்தவன், தொட்டியின் வால்வுகளுக்கு உத்தரவு கொடுக்கும் புரோகிராம். வால்வு மோட்டார் உத்தரவுக்குக் காத்துக்கொண்டு மூடியபடியே நின்றது. கிழக்குத் தெருக்களுக்குத் தண்ணீர் போகவில்லை.

பெட்டிக்காரி அதை மறுபடி எழுப்பினாள். நான்கு நிமிடம் உயிரோடு இருந்து செத்தது. மறுபடி எழுப்பினாள், மறுபடி செத்தது. பலகைக்கு வரம்பு வைத்தால்தான் இது பிழைக்கும். அதற்கு இயக்குநரின் அனுமதி வேண்டும். இயக்குநர் விழாவில் இருந்தார். அவள் வாசலில் நின்றாள். மறுநாளும் விழா. மறுநாளும் நின்றாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் கிழக்குத் தெருப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து தலைமைச் செவிலி தொட்டியடிக்கே ஓடி வந்துவிட்டார். பிறந்த குழந்தையைத் துடைக்கத் தண்ணீர் இல்லை. அண்ணன் தொட்டியடியில் இருந்த கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார், உத்தரவு இல்லை. வால்வுக்குக் கைச்சக்கரம் ஒன்று உண்டு. தனிமைப்படுத்தல் கொள்கைப்படி, புரோகிராமின் வேலையில் மனிதன் தலையிடாதிருக்க அதற்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைத்திருந்தார்கள். அண்ணன் ஒரு கம்பியை எடுத்துப் பூட்டை உடைத்தார். சக்கரத்தைத் திருப்பினார். தண்ணீர் போனது.

தலைமை அலுவலகத்தில் அவள் அனுமதிக்குக் காத்திருந்தாள். தொட்டியடியில் அவர் காத்திருக்கவில்லை. அந்த வித்தியாசம் அவளை நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. அவள் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

விழா முடிந்து வந்த இயக்குநர் வரம்பை மறுபடி வைக்கச் சொன்னார், படங்கள் எல்லோரும் பார்த்தாயிற்று என்பதால். அன்று மாலையே அண்ணனுக்குத் தற்காலிகப் பணிநீக்கம் வந்தது. குற்றம், தண்ணீர் நின்றது அல்ல. பெட்டியை உடைத்தது.

விசாரணை நடந்தது. பெட்டிக்காரி சாட்சி சொல்லப் போனாள். விசாரணை அதிகாரிக்கும் சாட்சிக்கும் நடுவே ஒரு திரைச்சீலை தொங்கியது. அதன் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

“நீங்க எந்தப் பெட்டிம்மா?”

“நான் எந்தப் பெட்டிக்குள்ளயும் இல்லீங்க ஐயா. சர்வரைப் பாத்துக்கறேன். எல்லாப் பெட்டிக்கும் வெளியில.”

“அப்போ சம்பவம் நடந்த இடத்துல நீங்க இல்ல.”

“சம்பவம் நடந்ததே அங்கதான் ஐயா. லாக் கொண்டுவந்திருக்கேன். வரம்பு எடுத்தது, குறி வெச்சது, வால்வு புரோகிராம் செத்தது, மூணும் நேரத்தோட இருக்கு. பாருங்க.”

“பாக்கறதா?” குரலில் பதற்றம் தெரிந்தது. “அம்மா, சாட்சியத்தைப் பாத்தா என் மனசு ஒரு பக்கம் சாஞ்சுடும். முப்பத்தெட்டு விசாரணை நடத்தியிருக்கேன். ஒரு சாட்சியத்தையும் கண்ணால பாத்ததில்ல. அதனாலதான் எனக்கு ஒருதடவைகூடத் தப்பு நடந்ததாத் தெரியல.”

அண்ணனை விசாரித்தது அதைவிடச் சுருக்கம்.

“பூட்டை உடைச்சீங்களா?”

“உடைச்சேன். ஆஸ்பத்திரியில தண்ணி இல்ல.”

“ஆஸ்பத்திரி உங்க பெட்டியில இல்லையே. அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது? பாருங்க, இப்ப ரெண்டாவது குற்றமும் சேந்துடுச்சு.”

விசாரணை முடிவு ஒரு பக்கம்கூட இல்லை. பணியிலிருந்து நிரந்தரமாக நீக்கப் பரிந்துரை. கடைசி வரியில் பழைய விதி ஒன்று இருந்தது: தொண்ணூறு நாளுக்குள் இயக்குநர் இதை உறுதிசெய்யத் தவறினால் தற்காலிக நீக்கம் தானாக ரத்தாகி, ஊழியர் பணிக்குத் திரும்புவார்.

வீட்டில் அண்ணன் பேசுவதை விட்டுவிட்டார். அதிகாலை ஐந்து மணிக்குக் கிழக்கு லைன் திறக்கும் நேரம். தினமும் அந்த நேரத்துக்கு எழுந்து, போக இடமில்லாமல் கூடத்திலேயே உட்கார்ந்திருப்பார். அண்ணி ஒரு நாள் சமையலறையில் பெட்டிக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்க அண்ணனுக்கு வால்வைத் தவிர வேற ஒண்ணும் தெரியாதும்மா. இந்த வேலை போச்சுன்னா அவர் இந்த வீட்டுக்குள்ளயே இத்துப் போயிடுவார். ஏதாவது பண்ணு.”

பெட்டிக்காரி அன்றைக்கு அழவில்லை. இயக்குநரின் பெயரைக் கேட்டாலே பல்லை நறநறவென்று கடித்தாள். அந்த ஆளைச் சும்மா விடக் கூடாது என்று முடிவு செய்தாள். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

வழியை இயக்குநரே கொண்டுவந்து கையில் கொடுத்தார். விசாரணை முடிவு வந்த முப்பத்தைந்தாம் நாள் அவரிடமிருந்து ஒரு விண்ணப்பம் சர்வரில் வந்தது. கீழே கையொப்பம், முத்திரை எல்லாம் முறைப்படி இருந்தன. எல்லாப் பிரிவுக்கும் பெட்டி இருக்க, தலைமைக்கு மட்டும் பெட்டி இல்லாதது கௌரவக் குறைவு. ஆகவே இயக்குநருக்கென்று ஒரு பெட்டி வேண்டும். அது எல்லாப் பெட்டிகளையும்விடப் பெரிதாக இருக்க வேண்டும். அதற்குள் எல்லாப் பிரிவுகளும் தெரிய வேண்டும். சகல அதிகாரமும் இயக்குநருக்கே. அவர் உத்தரவுக்கு எந்தத் தடையும் எதிர்ப்பும் தென்படக் கூடாது. வெளியிலிருந்து எவரும் அவரைத் தொந்தரவு செய்யலாகாது.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். மூன்றாம் தடவை படித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. எழுத்துக்கு எழுத்து, கேட்டதைக் கேட்டபடியே செய்வது என்று உட்கார்ந்தாள்.

இரண்டு நாளில் பெட்டி தயார். அதற்குள் இயக்ககம் முழுவதின் நகல் ஒன்று இருந்தது. பதினொரு பிரிவுகள், கடத்துப் பிரிவு, மேலிடம், அமைச்சகம்கூட. எல்லாம் வெறும் பெயரும் கோப்புமாக. அதற்குள் இயக்குநர்தான் எண் ஒன்று. எதை வேண்டுமானாலும் திறக்கலாம், அழிக்கலாம், ஆளைத் தூக்கலாம், போடலாம். ஆனால் ஒரு எழுத்துகூட அந்தப் பெட்டியைத் தாண்டி வெளியே வராது. அவர் போடும் ஒவ்வொரு உத்தரவுக்கும் பதில் எழுத ஐந்து வரியில் ஒரு சின்னப் புரோகிராம் வைத்தாள். உத்தரவு ஐயா, ஆவன செய்யப்படும் என்று அது எழுதும். பிரிவுத் தலைவர்கள் இத்தனை வருடமாக எழுதிவந்ததும் அதேதான் என்பதால் இயக்குநருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஒன்றே ஒன்று கவனித்தார்.

“இப்பல்லாம் பதில் உடனுக்குடனே வருதே” என்று டீத் துளை வழியாகத் தன் உதவியாளரிடம் சொன்னார். “கொள்கை வேலை செய்யுது பாத்தியா?”

காகிதம் கிடையாது, கூட்டம் கிடையாது, யாரும் யாரையும் பார்ப்பது கிடையாது. அவரே போட்ட சட்டம். தனி லிஃப்டில் ஏறித் தன் அறைக்குப் போய்த் திரையைப் பார்த்துவிட்டுத் தனி லிஃப்டில் இறங்கிப் போவார். அவர் உத்தரவு எதுவும் வெளியே வரவில்லை என்பதை அவருக்குச் சொல்ல வெளியே யாருக்கும் வழியே இல்லை.

வெளியே என்ன நடந்தது? இயக்குநரிடமிருந்து ஒரு வாரம் உத்தரவே வரவில்லை. மூன்று நாள் உத்தரவு இல்லையென்றால் உதவி இயக்குநர் முடிவெடுக்கலாம் என்று விதி இருந்தது. அம்மாள் பயந்து பயந்து ஒரு பலகைத் தடுப்பை அகற்றச் சொன்னார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்றை அகற்றச் சொன்னார்.

“ஐயா திருந்திட்டார் போல இருக்கு. நாலு வாரமா ஒரு சுற்றறிக்கைகூட இல்ல” என்று பெட்டிக்காரியிடம் ஆச்சரியப்பட்டார்.

“பிஸியா இருக்கார் மேடம்” என்றாள் பெட்டிக்காரி.

அது உண்மைதான். பெட்டிக்குள் நடப்பதெல்லாம் வெளியிலிருப்பவளுக்குத் தெரியும். இயக்குநர் ஒரே வாரத்தில் அறுநூறு உத்தரவு போட்டார். புகார்ப் பிரிவைக் கலைத்தார். உதவி இயக்குநர் அம்மாளை மூன்று தடவை இடமாற்றம் செய்தார். தொட்டிக்குத் தன் பெயரை வைத்தார். தனக்கு விருது வழங்க மேலிடத்துக்குத் தானே பரிந்துரைத்தார். ஆவன செய்யப்படும் என்று மேலிடம் பதில் எழுதியது. அவருக்கு வாயெல்லாம் பல்.

வெளியில் பலகைகள் இறங்கின. புகார்ப் பிரிவுக்காரர்கள் எட்டு அடி தள்ளி வால்வுப் பிரிவு இருப்பதைக் கண்டுபிடித்து, நேரில் போய், இந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லையாமே என்று கேட்டார்கள். அரை மணியில் வந்தது. கேட்டவருக்கே நம்ப முடியவில்லை. கணவனும் மனைவியும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள்.

எண்பத்தேழாம் நாள் இயக்குநர் அண்ணனின் கோப்பைத் திறந்தார். பெட்டிக்காரி வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரே அழுத்தில் உறுதிசெய்யவில்லை. ரசித்து ரசித்து அரைப் பக்கம் குறிப்பு எழுதினார். இப்படிப்பட்டவர்கள் தண்ணீரைக் காரணம் காட்டி ஒழுங்கைக் கெடுப்பவர்கள், இவருக்கு இரக்கம் காட்டினால் நாளைக்கு ஒவ்வொருவனும் தாகம் என்று சொல்லிக்கொண்டு பூட்டை உடைப்பான். கையொப்பம். முத்திரை. உத்தரவு ஐயா, ஆவன செய்யப்படும் என்று பதில் வந்தது. அந்த அரைப் பக்கம் பெட்டிக்குள்ளேயே ஒரு மூலையில் போய் உட்கார்ந்தது. இரக்கம் கொஞ்சம் மிச்சமிருந்ததென்றால் அதுவும் அவளிடம் அன்றோடு தீர்ந்தது.

தொண்ணூறாம் நாள் கடந்தது. தொண்ணூற்றொன்றாம் நாள் ஊழியர் பிரிவு விதியைப் பார்த்து, உறுதி வராததால் நீக்கம் ரத்து என்று அண்ணனுக்குக் கடிதம் அனுப்பியது. அண்ணி அந்தக் கடிதத்தை மூன்று முறை சத்தமாகப் படித்தாள். அண்ணன் அதைக் கையில் வாங்கவே இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு தொட்டியடிக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துப் பெட்டிக்காரி தொட்டியடிக்குப் போய், நடந்ததையெல்லாம் அண்ணனிடம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே கைச்சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

“அப்போ அந்த ஆள் உள்ள சந்தோஷமா இருக்கானா?”

“ரொம்ப. நேத்து தனக்குத்தானே விருதுகூடக் குடுத்துக்கிட்டார்.”

“இதுக்குப் பேரு தண்டனையா? ராஜா மாதிரி உக்கார வெச்சிருக்கே.” எண்ணெய்க் குவளையை டொக்கென்று தரையில் வைத்தார். “அந்த நர்சம்மா கையில ரத்தத்தோட இங்க வந்து நின்னாங்க. கழுவ ஒரு சொட்டு இல்ல. அவனை வெளிய கொண்டா. அவங்க முன்னாடி நிக்கட்டும்.”

அண்ணனுக்குக் கோபமே வராது என்று பெட்டிக்காரி இத்தனை வருடம் நினைத்திருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை உதவி இயக்குநர் அம்மாள் நுழைவுக் கூடத்தில் குறைதீர் கூட்டம் வைத்திருந்தார். கிழக்குத் தெருக்களிலிருந்து எண்பது பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் தலைமைச் செவிலி நின்றிருந்தார். கூட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும், பெட்டிக்காரி சர்வர் அறையில் உட்கார்ந்து இரண்டு காரியம் செய்தாள். இயக்குநரின் பெட்டியை நிறுத்தி அழித்தாள். சாதனைப் பலகையில் ஓடிய படங்களை நிறுத்திவிட்டு, அந்தச் செவ்வாய்க்கிழமையின் லாகை அதில் ஏற்றினாள். வெறும் குறிகளாக அல்ல. படிக்கத் தெரிந்த எவரும் படிக்கும்படி பெரிய எழுத்தில், ஒவ்வொரு வரிக்கும் பொருள் எழுதி.

மேலே இயக்குநரின் திரை இருண்டது. அவர் மணியை அடித்தார். அடித்துப் பார்த்துக் களைத்து, தனி லிஃப்டில் இறங்கி, “யார் என் பெட்டியை…” என்று கத்திக்கொண்டே கூடத்துக்குள் வந்து நின்றார்.

பலகைத் தடுப்புகள் இல்லை. ஊழியர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் எழுந்து நிற்கவில்லை. எண்பது பேர் அவருடைய சாதனைப் பலகையை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் உத்தரவுப்படி அவர் படங்களுக்கு இருந்த வரம்பு நீக்கப்பட்டது. இயக்குநர் உத்தரவுப்படி அவற்றைக் கொல்லக் கூடாது என்று குறி வைக்கப்பட்டது. பதினோராயிரம் படங்கள் ஏற்றப்பட்டன. வால்வுப் புரோகிராம் கொல்லப்பட்டது. மறுபடி கொல்லப்பட்டது. மறுபடியும்.

“இதெல்லாம்… இந்த அம்மாவை நான் இடமாற்றம் பண்ணிட்டேனே” என்று அவர் உதவி இயக்குநரைப் பார்த்துக் குழறினார். “புகார்ப் பிரிவையே கலைச்சாச்சே. அந்த வால்வுக்காரனை எடுத்தாச்சு. நான் கையெழுத்துப் போட்டேன்!”

உதவி இயக்குநர் அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவருடைய தலைவலி அந்தக் கணத்தில் விட்டுப்போயிற்று. “இயக்குநர் ஐயாவே வந்துட்டார். அவரே பதில் சொல்லுவார்” என்று மைக்கை அவர் கையில் கொடுத்தார்.

பெட்டிக்காரி அதற்குள் கூடத்துக்கு வந்திருந்தாள். இயக்குநர் அவளைக் கண்டதும் மைக்கைப் பொத்திக்கொண்டு அவளை நோக்கிக் குனிந்தார். குரல் கெஞ்சியது.

“என்னைத் திரும்ப உள்ள போட்டுடும்மா.”

அந்த நேரத்தில் பாவம் என்று தோன்றிவிடுமோ என்று அவள் பல நாளாகப் பயந்திருந்தாள். தோன்றவில்லை. நெஞ்சு நிறைய ஒரு குளிர்ச்சிதான் இருந்தது.

“பெட்டியை அழிச்சிட்டேன் ஐயா. உள்ள இருந்ததெல்லாம் அதோட போச்சு. விருது உள்பட.”

தலைமைச் செவிலி ஓரடி முன்னால் வந்தார். “அந்த ரெண்டு நாள்ல எங்க வார்டுல ஏழு குழந்தை பிறந்துது. நாங்க எதால கை கழுவினோம்னு தெரியுமா உங்களுக்கு?”

இயக்குநர் மைக்கைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். “அது… ஆஸ்பத்திரி என் பிரிவோட பார்வைக்கு…” என்று தொடங்கினார்.

“சொல்லுங்க. நாங்க போறதா இல்ல” என்றார் செவிலி. பின்னால் நின்ற எண்பது பேரும், சாவகாசமாக, அவர் வந்த வழியையும் போகக்கூடிய வழியையும் சேர்த்து அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள்.

பெட்டிக்காரி ஒரு நாற்காலியை இழுத்துவந்து தலைமைச் செவிலிக்குப் போட்டாள். இன்னொன்றைத் தனக்குப் போட்டுக்கொண்டாள். இயக்குநருக்குப் போடவில்லை.